ஓயாச் சக்கரம்: 12 கைகள், 30 டிகிரி

மேசைமேல் வைத்து அழகு பார்க்க, "தானாகவே சுழலும்" என்ற பெயரில் விற்கப்படும் சக்கரங்களில் ஒன்று மிகப் பழைய வடிவம். விளிம்பைச் சுற்றிக் கீல் வைத்த 12 கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஓர் எடைக்குண்டு. இறங்கும் பக்கம் கைகள் வெளியே நீண்டு நிற்கும். ஏறும் பக்கம் மடங்கி விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். நீண்ட பக்கம் கனம் கூடுவதால் சக்கரம் அந்தப் பக்கமாகவே உருண்டுகொண்டிருக்கும் என்று பார்த்தவுடன் தோன்றுகிறது.

கையை எடுத்ததும் நின்றுவிடுகிறது.

தள்ளிவிட்டால் சில சுற்றுகள் ஓடும். மேலே வரும் ஒவ்வொரு கையும் டக், டக் என்று விரிந்து விழும். பிறகு வேகம் குறைந்து, முன்னும் பின்னும் ஆடி அடங்கும். கைகளுக்கு எண் எழுதிவைத்து மீண்டும் மீண்டும் சுழற்றினால் ஒன்று புலப்படும்: உச்சியில் இருக்கும் எண் மாறுகிறதே தவிர, நிற்கும் கோலம் மாறுவதில்லை.

அந்தக் கோலத்தில்தான் விடை இருக்கிறது. அச்சுக்கு நேராக ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு இருபுறமும் எண்ண வேண்டும். நீண்ட பக்கத்தில் குண்டுகள் குறைவு; மடங்கிய பக்கத்தில் அதிகம். ஒருபுறம் 4 குண்டுகள் சராசரியாக 10 செ.மீ. தள்ளியும், மறுபுறம் 8 குண்டுகள் 5 செ.மீ. தள்ளியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு பத்து நாற்பது, எட்டு ஐந்து நாற்பது. இரு பக்கத் திருப்புத்திறனும் சமம். கைகள் வெளியே நீள நீள, அந்தப் பக்கத்தைக் குண்டுகள் வேகமாகக் கடந்துவிடுகின்றன. தூரத்தில் கிடைத்த லாபம் எண்ணிக்கையில் போய்விடுகிறது.

கைகளின் நீளத்தை மாற்றினாலும் தப்ப முடியாது. 12 கைகள் உள்ள சக்கரம் 30 டிகிரி திரும்பினால், ஒவ்வொரு கையும் முன்னால் இருந்த கையின் இடத்துக்கு வந்துவிடும். குண்டுகளின் மொத்த உயரம் பழையபடியே இருக்கும். ஆகவே அந்த 30 டிகிரியில் புவியீர்ப்பு கொடுத்ததும் எடுத்ததும் சரிக்குச் சரி. இடையே எங்கோ ஒரு பள்ளம் இருந்தே ஆக வேண்டும். சக்கரம் அதில்தான் உட்கார்ந்துகொள்கிறது.

இந்த ஆசை நீண்ட காலமாக இருந்துவருகிறது. 1150இல் எழுதிய 'சித்தாந்த சிரோமணி'யில் பாஸ்கராச்சாரியர், உள்ளீடற்ற ஆரங்களில் பாதியளவு பாதரசம் நிரப்பிய சக்கரம் ஒன்றை விவரித்தார். ஜெர்மனியின் யோகான் பெஸ்லர் செய்த பெரிய சக்கரம், 1717இல் காசெல் நகருக்கு அருகே ஒரு கோட்டையில் பூட்டி முத்திரையிட்ட அறைக்குள் வாரக்கணக்கில் சுழன்றதாகப் பதிவு உண்டு. பணம் தராமல் உள்ளமைப்பைக் காட்ட மறுத்த அவர், 1721இல் அதைத் தாமே உடைத்தார். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் சுற்றியதாக வேலைக்காரப் பெண் ஒருவர் பின்னாளில் வாக்குமூலம் கொடுத்தார். 1775இல் பாரிஸ் அறிவியல் கழகம், ஓயா இயந்திரம் என்று வரும் எதையும் இனி ஆராய்வதில்லை என முடிவெடுத்தது.

பேரிங்கின் உராய்வைக் குறை சொல்பவர்கள் இன்னொரு சோதனையையும் செய்து பார்க்கலாம். 12 கைகளையும் ரப்பர் பேண்டு போட்டு மடித்துக் கட்டிவிட்டு, அதே வேகத்தில் தள்ள வேண்டும். இப்போது சக்கரம் கூடுதல் நேரம் சுற்றும்! கைகள் விழும்போது எழும் அந்த "டக்" ஒவ்வொன்றும் சக்கரத்தின் ஆற்றலைத் தின்றுகொண்டிருந்தது. சுழலவைக்க வேண்டிய கைகளே அதை நிறுத்தியும் வைத்தன.

நிற்காமலே ஓடும் மாதிரியைக் கடையில் காட்டினால், பீடத்தருகே ஒரு திசைகாட்டியைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முள் துடித்தால் உள்ளே காந்தச்சுருளும் பேட்டரியும் இருக்க வாய்ப்புண்டு.

மின்சாரம் கிடைக்கும் என்று நம்பி இதற்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் நடத்தும் ஆசிரியருக்கு மட்டும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். பழைய சைக்கிள் சக்கரமும் சில நட்டுகளும் இருந்தால் மாணவர்களே செய்துவிடுவார்கள்.