ஹாலிவுட் திரையரங்கில் கூடிய பிள்ளைகள்

சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங்கில் ஹாலிவுட் என்றொரு திரையரங்கு இருந்தது. 1990களின் பிற்பாதியில் சிட்டி ஹார்வெஸ்ட் சபை அங்கேதான் கூடியது. 1989இல் ஒரு சிறு இளையர் கூட்டமாகத் தொடங்கிப் பல ஆயிரமாகப் பெருகிய சபை அது. மேடை விளக்கும் கிட்டாரும் பிள்ளைகளை இழுத்துவிட்டன என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பாட்டுக்காக ஒரு பிள்ளை முதல் வாரம் வரும். நான்காம் வாரமும் வரவைப்பது செல் குழு என்பது என் கணிப்பு.

செல் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஜெபித்து, மனம்விட்டுப் பேசி, சேர்ந்து சாப்பிடுகிறார்கள். சியோலில் போதகர் டேவிட் யோங்கி சோ இம்முறையைப் பேரளவில் நடத்திக் காட்டினார். இங்கே போதகர் லாரன்ஸ் கோங்கின் ஃபெய்த் கம்யூனிட்டி பாப்டிஸ்ட் சபை 1988இல் தன்னை முழுவதும் இதற்கேற்ப மாற்றிக்கொண்டது. பள்ளி, துணைப்பாட வகுப்பு, சாதாரண நிலைத் தேர்வு என்று ஓடும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்காமல் "சாப்பிட்டியா, ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கேட்க ஓர் அண்ணனோ அக்காவோ கிடைப்பது பெரிய கொடை. ஒரு வாரம் வராவிட்டால் அன்றிரவே தேடி அழைப்பு வரும். டிரம்ஸ் வாசிக்கவும் ஒலிக்கருவியைக் கவனிக்கவும் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லவும் நம்பிப் பொறுப்புக் கொடுப்பார்கள்.

பழுதும் இம்முறைக்குள்தான் இருக்கிறது. குழு வளர வேண்டும், வளர்ந்து இரண்டாகப் பிரிய வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை விதி. அப்போது நட்பு ஆள் சேர்க்கும் வேலையாக மாறும் அபாயம் உண்டு. தேர்வுக்காக வராதவன் விசுவாசத்தில் தளர்ந்தவனாகத் தெரிவான். நண்பன் அழைத்துவரும் இந்துப் பிள்ளையின் வீட்டாருக்கு விவரம் தெரியாமலே போகலாம். இது நேர்மையல்ல என்று உறுதியாகச் சொல்வேன். எல்லாவற்றையும்விட, தலைவரைத் தகப்பனாகப் பார்க்கப் பழகிய பிள்ளைக்குக் கேள்வி கேட்கும் துணிவு வருவது கடினம். 2015இல் சிட்டி ஹார்வெஸ்ட் நிறுவனர் கோங் ஹீ உட்பட ஆறு பேர், ஏறத்தாழ 5 கோடி வெள்ளி சபைப் பணம் தொடர்பான வழக்கில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. பதின்ம வயதில் அங்கு சேர்ந்து வளர்ந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய காயமாக இருந்திருக்கும்!

ஷார்ட் ஸ்ட்ரீட் மெதடிஸ்ட் ஆலயம் போன்ற நம் தமிழ்ச் சபைகளில் மாமா, அத்தை, பாட்டி என்று உறவுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பிள்ளைகள் ஆங்கில ஆராதனைக்கு நகர்கிறார்கள். 2020 கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழ் 28 விழுக்காடு. மொழி ஒரு காரணம்தான். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மட்டும் இளையரைத் தேடுவது அதைவிடப் பெரிய காரணம். பதினேழு வயதுப் பெண்ணை ஆலயக் குழுவில் உட்காரவைத்து, வரவுசெலவுக் கணக்கை அவளிடமும் காட்டி, அவள் கேட்பதற்குப் பெரியவர்கள் பதில் சொல்லட்டும். தேசிய சேவைக்குப் போன பையன் மாதக்கணக்கில் வரவில்லை என்றால், வருகைப் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, முகாமிலிருந்து அவன் வீடு திரும்பும் சனிக்கிழமை யாராவது போய்ப் பார்க்கட்டும்.