ஒரு சிறு நாடு கேட்ட வரம்

புத்தகத்தின் தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை யாரும் சாதாரணமாகப் படிப்பதில்லை. எனக்கு அதைப் படிக்கிற பழக்கம் உண்டு. தகழியின் 'செம்மீன்' நாவலை, 1962ல் வெளிவந்த நாராயண மேனனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்த சமயம், அது யுனெஸ்கோவின் மொழிபெயர்ப்பு வரிசையில் சேர்ந்த நூல் என்று தெரிந்துகொண்டேன். கல்வி, விஞ்ஞானம், கலாசாரம் என்று மூன்று பெரிய வார்த்தைகளைப் பெயரிலே சுமக்கிற சர்வதேச ஸ்தாபனத்துக்கும், கேரளக் கடற்கரைக் கறுத்தம்மாவுக்கும் என்ன உறவு என்று தேடிப் போனேன். அந்தத் தேடல் என்னை லெபனானில் கொண்டுபோய் விட்டது.

லெபனான் மிகச் சிறிய நாடு. பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர். நம்முடைய பழைய கோயமுத்தூர் ஜில்லா அதைவிடப் பெரிது. 1943ல் சுதந்திரம் பெற்றது. பிரெஞ்சுத் துருப்புகள் கடைசியாக வெளியேறியது 1946ல்தான். அதே 1946 நவம்பரில் இருபது நாடுகளின் ஒப்புதலோடு யுனெஸ்கோ அமலுக்கு வந்தது. அந்த இருபதில் இந்தியாவும் ஒன்று, லெபனானும் ஒன்று. அந்த வருஷமே ஐக்கிய நாடுகள் சபையில் லெபனான் பிரதிநிதிகள் ஒரு யோசனையைச் சொன்னார்கள். உலகத்துப் பேரிலக்கியங்களை மொழிக்கு மொழி பெயர்க்க ஒரு சர்வதேச ஏற்பாடு வேண்டும் என்பது அந்த யோசனை. சபை ஏற்றுக்கொண்டு, காரியத்தை யுனெஸ்கோவிடம் ஒப்படைத்தது.

1948ல் யுனெஸ்கோவின் மூன்றாவது பொது மகாநாடு பெய்ரூட்டிலேயே கூடியது. அதற்கென்று கட்டிய மண்டபத்துக்கு யுனெஸ்கோ மாளிகை என்ற பெயர் நிலைத்துவிட்டது. விஞ்ஞானி ஜூலியன் ஹக்ஸ்லி அங்கேதான் தலைமைப் பொறுப்பை விட்டார். மெக்ஸிகோவின் கவி ஹைமே டோரஸ் பொடே தேர்ந்தெடுக்கப்பட்டார். மொழிபெயர்ப்பு வரிசையும் அந்த வருஷத்தில்தான் ஆரம்பமாயிற்று.

புதிதாக விடுதலை அடைந்த நாடு, உலக சபையில் வாய் திறந்தால் என்ன கேட்கும்? அணை கேட்கும், துறைமுகம் கேட்கும், கடன் கேட்கும். மொழிபெயர்ப்பைக் கேட்ட நாட்டை எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர்கள் ஏன் கேட்டார்கள் என்பதையும் யோசிக்கவேண்டும். லெபனான் மலைக்கிராமத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள். பஷ்ரியில் 1883ல் பிறந்து நியூயார்க்கில் 1931ல் இறந்த கலீல் ஜிப்ரானைத் தமிழ் வாசகர்களுக்கும் தெரியும். ஏன் தெரியும்? 1923ல் வந்த 'தீர்க்கதரிசி'யை அவரே ஆங்கிலத்தில் எழுதினார், அதனால் தெரியும். ஊரை விட்டுப் போய், மொழியையும் மாற்றிக்கொண்ட எழுத்தாளனுக்கு உலகம் கிடைத்தது. ஊரிலேயே இருந்து அரபியில் எழுதியவனுக்கு யார் இருக்கிறார்கள்? லெபனான் கேட்ட வரத்துக்குப் பின்னால் இந்தக் கேள்வி இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். தமிழில் எழுதுகிற எனக்கும் இது வேற்று ஊர்க் கேள்வியாகப் படவில்லை.

வரம் பலித்ததா? பலித்தது, ஆனால் வரங்களுக்கே உரிய கோணலோடு பலித்தது. மூன்று நூல்களின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்லுகிறேன்.

முதலாவது, இமாம் கஸ்ஸாலியின் சிறு நூல் ஒன்று. பல வருஷம் படித்த ஒரு மாணவன், இத்தனை படிப்பிலும் மறுமைக்கு எது உதவும் என்று கேட்க, அவர் எழுதிய பதில். 1951ல் பெய்ரூட்டில், யுனெஸ்கோவின் ஒத்துழைப்போடு ஆங்கிலத்தில் வெளிவந்தது. அரபியில் அதன் பெயர், 'பிள்ளாய்!' என்று கூப்பிடுகிற கூப்பாடு. ஆங்கிலத்தில் 'சீடனே!' ஆகிவிட்டது. பொருள் கெடவில்லை, ஆனால் உறவு தள்ளிப்போய்விட்டது. முதல் குரலில் ஒரு தகப்பன் இருக்கிறான். இரண்டாவதில் பீடம் இருக்கிறது.

இரண்டாவது, நம்முடைய சிலப்பதிகாரம். அலென் டானியலூவும் ஆர். எஸ். தேசிகனும் பிரெஞ்சில் செய்த மொழிபெயர்ப்பு 1961ல் இதே வரிசையில் பாரிஸில் வந்தது. அதன் பிரெஞ்சுப் பெயரைத் தமிழுக்குத் திருப்பினால் 'வளையத்தின் கதை' என்று வரும். அந்தச் சொல்லைக் கேட்கிற பிரெஞ்சுக்காரனுக்கு முதலில் ஞாபகம் வருவது மோதிரம். மோதிரத்தை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும்? சிலம்பை உடைத்தால் பரல் தெறிக்கும். பாண்டியன் உயிரை வாங்கியதே அந்தப் பரல்தான். டானியலூவின் ஆங்கிலப் பதிப்பு 1965ல் வந்தபோது 'சிலப்பதிகாரம்' என்ற பெயரே தலைப்பில் ஏறியது. கால்வளை என்கிற விளக்கமும் கூட வந்தது. தவறைத் திருத்திக்கொள்ள நாலு வருஷம் ஆயிற்று, பரவாயில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். தௌபீக் யூசுப் அவ்வாத் என்ற லெபனான் நாவலாசிரியர், 1939ல் 'ரொட்டி' என்ற நாவலை எழுதினார். முதல் யுத்த காலத்துப் பஞ்சம் அதன் களம். முப்பத்து மூன்று வருஷம் கழித்து, 1972ல், 'பெய்ரூட்டின் திரிகைகள்' என்று இன்னொன்று எழுதினார். 1974ல் யுனெஸ்கோ இதைத் தன் வரிசைக்குத் தேர்ந்தெடுத்தது. 1976ல் லெஸ்லி மக்லாஃப்லின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்தது. தலைப்பு, 'பெய்ரூட்டில் மரணம்'.

அதற்கு முந்தின வருஷம் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. மரணம் என்று போட்டால் புத்தகம் விற்கும். ஆனால் அவ்வாத் சொன்னது மரணத்தை அல்ல. ரொட்டிக்கும் திரிகைக்கும் உள்ள சம்பந்தம் வாசகனுக்குத் தெரியவேண்டாமா? ஒரு பஞ்சத்தில் ரொட்டி இல்லாமல் செத்த நாடு, பின்னால் தன் பிள்ளைகளையே போட்டு அரைக்கிறது என்பதல்லவா அவர் முப்பத்து மூன்று வருஷமாகக் கட்டிய எண்ணம்?

நாவலின் நாயகி தமீமா, தெற்கே ஒரு கிராமத்து ஷியா முஸ்லிம் பெண். படிக்கவென்று பெய்ரூட் வருகிறாள். மாணவர் கிளர்ச்சி, 1968 டிசம்பரில் விமான நிலையத்தின் மீது இஸ்ரேலியத் தாக்குதல், ஒரு கிறிஸ்தவ இளைஞனிடம் பிரியம். தமையனுக்கு அவள் மேல் மூளும் கோபம் கொலை வரைக்கும் போகிறது. சம்பவங்கள் அதிகம், சில இடங்களில் பத்திரிகைச் செய்தியின் வேகம்தான் இருக்கிறது, நாவலின் நிதானம் இல்லை. இந்தக் குறையைச் சொல்லியே ஆகவேண்டும். இருந்தாலும், ஒரு வீட்டுக்குள் அண்ணன் தங்கையைப் பார்க்கிற பார்வையில் நாளைய தெருச்சண்டையைக் காட்டிவிட்டார். போர் மூளுவதற்கு மூன்று வருஷம் முன்னால் காட்டினார்.

இங்கேதான் யுனெஸ்கோவோடு எனக்குச் சண்டை. தன் வரிசைக்கு அது வைத்த பெயர் 'பிரதிநிதித்துவ நூல்கள்'. நாவல் யாருக்குப் பிரதிநிதி? சர்க்காருக்குப் பிரதிநிதி உண்டு; அவ்வாத்தே தூதராக இருந்தவர்தான். ஆனால் தூதர் மறைக்கவேண்டியதை அவருடைய நாவல் சொல்லிற்று. தமீமா லெபனானின் பிரதிநிதி அல்ல, கறுத்தம்மா இந்தியாவின் பிரதிநிதி அல்ல. அப்படி நினைத்துப் படிக்கிறவன் ஒரு நாட்டைப் பற்றித் தகவல் தெரிந்துகொள்வான். ஒரு பெண்ணைத் தெரிந்துகொள்ள மாட்டான். பழைய காவியங்கள் இந்த வரிசையில் தாராளமாக இடம் பெற்றதற்கும் இந்தப் பெயர்தான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். செத்துப்போன கவிஞன் எந்த சர்க்காரையும் சங்கடப்படுத்த மாட்டான்.

இன்னொரு குறை. லெபனான் கேட்டது மொழிக்கு மொழி பாதை. கிடைத்தது பெரும்பாலும் சிறிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் போகிற பாதை. உருதுக் கவி ஃபைஸ் ஹங்கேரிய மொழிக்குப் போனதுகூட ஆங்கிலத்தின் வழியாகத்தான். நானும் அவ்வாத்தை ஆங்கிலத்தில்தான் படித்தேன்.

2005 வாக்கில், ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு அந்த வரிசை நின்றுபோயிற்று. லெபனானோடு யுனெஸ்கோவின் உறவு நிற்கவில்லை. 1984ல் பால்பெக், பைப்லாஸ், டயர், அஞ்சார் ஆகிய நான்கு இடங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. 2009ல் பெய்ரூட் உலகப் புத்தகத் தலைநகரம் ஆயிற்று. 2024 நவம்பரில், குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, முப்பத்து நான்கு சின்னங்களுக்கு விசேஷப் பாதுகாப்பு அளித்தார்கள். நல்ல காரியம். பால்பெக்கின் தூண்கள் நிற்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்று அபிப்பிராயம் இல்லை.

ஆனால் 1989 ஏப்ரலில், மருமகனான ஸ்பானிஷ் தூதரின் இல்லத்தில் ஷெல் விழுந்து, அவரோடு சேர்ந்து ஒரு கிழவரும் இறந்தார். அவர்தான் தௌபீக் யூசுப் அவ்வாத். தம்முடைய திரிகையிலேயே போனார். எந்தப் பட்டியலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது. நாவலை மட்டும், பெயரைக் கெடுத்தாவது, ஒரு பட்டியல் காப்பாற்றிக் கொடுத்தது.

கல்லுக்குக் காவல் போடுகிற ஸ்தாபனம், மொழிபெயர்ப்பாளனுக்கும் மறுபடி கூலி கொடுக்க ஆரம்பிக்கவேண்டும். 1946ல் அந்தச் சிறு நாடு முதலில் கேட்டது அதைத்தான். இந்தத் தடவை நூலுக்கு ஆசிரியன் வைத்த பெயரையே வைக்கட்டும்.