அந்தி வலயம்: புனைவின் வேடமும் வேடத்தின் விலையும்

கலைப்படைப்பு ஒன்று காலத்தை வென்று நிற்கின்றது என்று கூறும்போது நாம் எதனைக் கருதுகின்றோம்? அதனைப் பலர் நினைவுகூர்வதையா, அல்லது அது வகுத்த வழியிற் பின்வந்தோர் நடப்பதையா? 1959 ஒக்ரோபர் 2ஆம் திகதி அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கி, 1964 யூன் 19ஆம் திகதியுடன் முடிவுற்ற 'ருவைலைற் ஸோன்' என்னும் விஞ்ஞானப் புனைவுத் தொடர் இவ்வினாவை எழுப்புதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அதனை இக்கட்டுரையில் 'அந்தி வலயம்' எனத் தமிழ்ப்படுத்தி வழங்குவோம். மடுல்சீமை மலைகளிற் பிறந்தோர்க்கு இப்பெயர் அந்நியமானதன்று. மாலையிற் பனிமூட்டம் இறங்கி, தேயிலைச் செடியும் மனிதரும் ஒரே நிழலாய்த் தோன்றும் பொழுதினைக் கண்டு வளர்ந்தவர் நாம்.

ஐந்து பருவங்களில் 156 கதைகள் இத்தொடரில் இடம்பெற்றன. வாரந்தோறும் கதை புதிது, மாந்தர் புதியவர். கூத்தரங்கிற் கட்டியக்காரன் தோன்றிக் கதையைத் தொடக்கிவைப்பதுபோல, முன்னுரையும் முடிவுரையும் கூறும் றொட் சேர்லிங் என்பாரின் குரல் ஒன்றே அவற்றைப் பிணைத்தது. 92 கதைகளை அவரே எழுதினார். ஏனையவற்றுட் பெரும்பாலனவற்றை சார்ள்ஸ் போமொன்ற், றிச்சர்ட் மதெசன் முதலியோர் எழுதினர்.

இத்தொடரின் மரபுரிமை எதுவெனக் கேட்டால், பெரும்பாலோர் கூறும் விடை 'எதிர்பாராத முடிவு' என்பதாகும். இவ்விடை போதுமானதன்று. கதையின் இறுதியில் ஒரு திருப்பத்தை வைக்கும் உத்தி ஓ. ஹென்றியின் சிறுகதைகளிலேயே முதிர்ந்துவிட்டது. அந்தி வலயத்தின் உண்மையான கொடை வேறு. நேரடியாகக் கூறவியலாத சமுதாய உண்மையொன்றிற்குப் புனைவின் வேடத்தைப் பூட்டி, அதனை நடுவீட்டிற்குள் அழைத்துவருதலே அது. இவ்வேடத்திற்கு ஒரு விலையும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேர்லிங் 1924இல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் பிலிப்பைன்சிற் போரிட்டவர். 1955ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் எமெற் ரில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொலையுண்டான். குற்றஞ்சாட்டப்பெற்ற வெள்ளையர் விடுதலை பெற்றனர். இக்கொடுமையை அடிப்படையாகக் கொண்டு சேர்லிங் எழுதிய நாடகம் 1956இல் ஒளிபரப்பானது. ஆயின் அதற்குப் பணம் வழங்கிய வணிக நிறுவனத்தினர் அஞ்சினர். களம் வடபுலத்திற்கு மாற்றப்பட்டது. கொலையுண்டவன் யாரோ ஓர் அந்நியன் ஆக்கப்பட்டான். 1958இல் அதே கருவை அவர் மீண்டும் முயன்றபோதும் காலமும் களமும் இனமும் மாற்றப்பட்டே நாடகம் அரங்கேறியது. அடுத்த ஆண்டு அந்தி வலயம் தோன்றியது. தென்மாநில வெள்ளையன் கூறக்கூடாததை வேற்றுக்கோளினன் கூறலாம். அதனைத் தடுக்க எந்த விளம்பரதாரருக்கும் தோன்றாது. எனவே சேர்லிங் கைக்கொண்ட கற்பனை உண்மையினின்றும் தப்பியோடுவதற்கான வழியன்று. தணிக்கையினூடே உண்மையைக் கடத்திச் செல்லும் வழியாகும்.

1960 மார்ச் 4ஆம் திகதி ஒளிபரப்பான 'மேப்பிள் வீதிக்கு அரக்கர் வரவிருக்கின்றனர்' என்னும் கதை இதற்குச் சிறந்த சான்று. அமைதியான ஒரு வீதியில் திடீரென மின்சாரம் நின்றுபோகின்றது. வேற்றுக்கோளினர் மனித உருவில் முன்கூட்டியே குடியேறியிருப்பர் என்று ஒரு சிறுவன் தான் படித்த கதையைக் கூறுகின்றான். அவ்வளவே. அயலவர் அயலவரை ஐயுறத் தொடங்குகின்றனர். இருளில் நடந்துவந்த ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகின்றார். ஈற்றில் வீதி முழுவதும் வெறியாட்டமாகின்றது. அருகிலுள்ள குன்றில் நின்று விளக்குகளை அணைத்தும் ஏற்றியும் இதனைப் பார்த்திருப்போர் உண்மையிலேயே வேற்றுக்கோளினர்.

இலங்கையில் ரூபவாஹினி தோன்றிய 1982ஆம் ஆண்டிற்கு ஏறத்தாழ இரு தசாப்தங்களின் முன்னரே முடிந்துபோன இத்தொடரைப் பல்கலைக்கழக விடுதியிற் கைத்தொலைபேசித் திரையிலேயே கண்டேன். கண்டபோது எனக்கு நினைவு வந்தது எனது அப்பாயி கூறிய பேய்க்கதை. லயத்து அறையில் அடுப்படியிலிருந்து அவர் அதனைக் கூறுவார். ஒருநாள் இரவு மலையடிவாரத்தில் தீப்பந்தப் பேய்கள் நடமாடினவாம். அவை மனிதரைப் போலவே பேசுமாம், பெயரும் அறியுமாம். அன்றிரவு எந்த வீட்டிலும் விளக்கேற்றக்கூடாதாம். பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கிடையே படுத்திருக்க வேண்டுமாம். சிறுவயதில் இதனைக் கேட்டு நடுங்கியிருக்கின்றேன். 1983 யூலைக் கலவரத்தைப் பற்றிப் படித்த பின்னரே, பதுளை நகர் எரிந்த செய்தி மலைக்கு வந்த இரவினை அவர் எமக்குக் கூறியிருக்கின்றார் என்பது விளங்கிற்று. நேரே கூற அவர் ஒருபோதும் துணிந்தாரல்லர். பள்ளிக்குச் சென்றறியாத அம்முதியவளும் சேர்லிங்கும் ஒரே உத்தியையே கையாண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இவ்வொப்புமையுடன் நின்றுவிடின் திறனாய்வு நிறைவுறாது. மேப்பிள் வீதிக் கதை அச்சத்தை மனித இயல்பின் குறையாகக் காண்கின்றது. இருள் வந்தால் எந்த வீதியும் இவ்வாறே ஆகும் என்பது அதன் முடிபு. ஆயின் 1983இற் கொழும்பிலே வீடுகளைத் தேடி வந்தோர் சிலரின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தமை பதிவாகியுள்ளது. 2000 ஒக்ரோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமிலே தமிழ் இளைஞர் இருபதுக்கு மேற்பட்டோர் கும்பலொன்றாற் கொல்லப்பட்டபோது பொலிசார் அங்கே நின்றிருந்தனர். 2005ஆம் ஆண்டளவில் அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையாகினர். அங்கே மின்சாரம் தானாக நிற்கவில்லை. 'எல்லா மனிதரும் இத்தகையோரே' என்னும் பொதுமை ஆழமான உண்மைபோலத் தோன்றினும், அதற்குள்ளே குறிப்பிட்ட குற்றவாளி மறைந்துகொள்வதற்கு வசதியுண்டு. விளம்பரதாரரிடமிருந்து தப்புவதற்காக அணிந்த வேடம், ஈற்றில் விளம்பரதாரர் விரும்பிய பொதுமையையும் ஓரளவு வழங்கிவிடுகின்றது. வேடத்தின் விலையென யாம் கூறுவது இதனையே.

1961 யூன் 2ஆம் திகதி ஒளிபரப்பான 'வழக்கொழிந்த மனிதன்' என்னும் கதையிலும் இதே வலிமையையும் இதே குறையையும் காண்கின்றோம். நூல்களைத் தடைசெய்த ஓர் அரசு, நூலகர் ஒருவரைத் தேவையற்றவரெனத் தீர்ப்பிடுகின்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டு, அடுத்த ஆண்டே வாக்குரிமையும் இழந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு இக்கதை புனைவன்று. அந்தி வலயம் முடிவுற்ற அதே 1964ஆம் ஆண்டின் ஒக்ரோபரிலேதான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. 'பின்னர் பேசுவோம்' என ஒதுக்கப்பட்ட மனிதத் தொகையை விடவும் விசித்திரமானதோர் அந்தி வலயத்தை எந்தக் கற்பனையாளன் படைத்தல் கூடும்? சேர்லிங்கின் கதையிலோ, தீர்ப்பிட்ட அதிகாரியே ஈற்றில் வழக்கொழிந்தவராக அறிவிக்கப்படுகின்றார். அரைமணி நேரத்தில் அறம் வென்றுவிடுகின்றது. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் நோக்குடன் 2003ஆம் ஆண்டின் பிரசாவுரிமை வழங்கற் சட்டம் நிறைவேறுதற்கு எமக்கு 55 ஆண்டுகள் சென்றன. அதற்குள் எந்த அதிகாரியும் தன் தீர்ப்பிற்குத் தானே இரையாகவில்லை.

இனி, பின்வந்தோர் இம்மரபினை எவ்வாறு கையாண்டனர் என நோக்குவோம். 1985ஆம் ஆண்டின் புதிய தொடரில், 1956 முதல் இந்நாட்டில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கின் 'விண்மீன்' என்னும் சிறுகதை இடம்பெற்றது. பெத்லகேமில் ஒளிர்ந்த விண்மீன், வெடித்துச் சிதறி ஒரு நாகரிகத்தையே எரித்தழித்த ஞாயிறு என்பதைக் கண்டறியும் பாதிரியார் ஒருவரின் நம்பிக்கைத் தளர்வே அக்கதை. கிளார்க் அதனை விடையின்றி முடித்தார். தொலைக்காட்சி வடிவமோ, அழிந்தவர்களே ஆறுதல் கூறி விட்டுச்சென்றதாக ஒரு செய்தியைச் சேர்த்து, பாதிரியாரையும் பார்வையாளரையும் தேற்றியது. நத்தாருக்கு ஐந்து நாட்கள் முன்னர் ஒளிபரப்பான நாடகத்திற்கு அது வசதியாயிருந்திருக்கலாம். ஆயினும் அழிந்தவரைக் கொண்டே அழிவை மன்னிக்கச் செய்தல் பார்வையாளரை மகிழ்விக்கும் செயலேயன்றி, சேர்லிங்கின் மரபாகாது.

இதனினும் கொடியது 1983ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வரலாறு. இனவெறியன் ஒருவன் தானே ஒடுக்கப்பட்டோனாக மாறித் துன்புறும் கதையை 1982 யூலை 23ஆம் திகதி இரவிற் படமாக்கியபோது, ஹெலிகொப்ரர் விழுந்து நடிகர் விக் மொறோவும் இரு குழந்தைகளும் மாண்டனர். அக்குழந்தைகள் ஆசியாவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தினர்; சிறுவர் தொழிற்சட்டத்திற்கு மாறாக அமர்த்தப்பட்டவர்கள். இனவெறிக்கெதிரான கலையும் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளை எரிபொருளாக்க வல்லது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறுபுறம், மரபை முன்னெடுத்த முயற்சிகளும் உள. 2003இல் மேப்பிள் வீதிக் கதை மீண்டும் படைக்கப்பட்டபோது, வேற்றுக்கோளினரின் இடத்தைப் பயங்கரவாதிகள் பற்றிய அச்சம் பிடித்தது. குன்றில் நின்று பார்த்திருந்தோர் அரசின் ஆட்களாயினர். கலையழகில் அது மூலத்தை எட்டாவிடினும், விளக்கை அணைத்தவர் யார் என்னும் வினாவிற்கு ஒருபடி நெருங்கிய விடையைத் தந்தது. 2019இல் ஜோர்டன் பீல் முன்னின்று வழங்கிய தொடரிலே, காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றவல்ல பழைய கமரா ஒன்று கறுப்பினத் தாயொருத்தியின் கையிற் கிடைக்கின்றது. எத்தனைமுறை சுழற்றினும் அதே பொலிஸ்காரன் அவளுடைய மகனைத் தேடி வருகின்றான். 1956இல் சேர்லிங்கினாற் கூறவியலாததை அவருடைய வேடத்தை அணிந்தே, ஆனால் முகத்தை மறையாமற் கூறிய கதை இதுவாகும். இத்தொடரின் மெய்யான வாரிசு இத்தகைய கதையே எனலாம்.

தமிழிலே இதற்கு அண்மித்ததாக, 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில் நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொடரைச் சுட்டலாம். அதன் 'விடாது கருப்பு' கிராமத் தெய்வத்தின் பெயராலே நிகழ்வனவற்றின் பின்னே பிளவுண்ட மனித மனத்தைக் காட்டியது. ஆயினும் மர்மம் அவிழ்ந்ததும் கதை அமைதியுறுகின்றது. சமுதாயம் கேள்விக்குள்ளாவது குறைவு. எமது மலையக இலக்கியமோ சி. வி. வேலுப்பிள்ளை முதல் ஊவா மண்ணிற் பிறந்த தெளிவத்தை ஜோசப் வரை யதார்த்தவாத நெறியிலேயே பெரும்பாலும் வளர்ந்தது. அது வரலாற்றின் தேவை; பெயரற்றோராக்கப்பட்ட மக்கள் முதலிற் பெயருடன் பதிவாக வேண்டியிருந்தது. எனினும் தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்திற்குக் காவலாக 'ரோதைமுனி' என்றொரு தெய்வத்தைப் படைத்த மக்கள் நாம். இயந்திரத்தைக் கண்டு அஞ்சி, அதற்குள்ளும் ஓர் உயிரைக் கற்பித்து, அதனுடன் உடன்பாடு செய்துகொண்ட கற்பனை எம்மிடம் ஏற்கெனவே உண்டு. விஞ்ஞானப் புனைவு மேல்நாட்டாரின் பொழுதுபோக்கு என ஒதுக்குவதற்கு எமக்கு நியாயமில்லை.

தொகுத்து நோக்கின், அந்தி வலயம் எமக்கு விட்டுச்சென்றவை இரண்டு. நாவடக்கப்பட்ட காலத்திற் புனைவின் வேடம் அணிந்தேனும் பேசவேண்டும் என்பது ஒன்று. பேசத்தக்க காலம் வாய்க்கும்போது வேடத்தைக் களைந்து பெயர்களைக் கூறவேண்டும் என்பது மற்றையது. முதலாவதை அத்தொடர் செய்து காட்டியது. இரண்டாவதை அதன் குறைகள் எமக்கு உணர்த்துகின்றன. எனது அப்பாயி தன் கதையை இறுதிவரை பேய்க்கதையாகவே கூறி மறைந்தார். அவருக்கு அந்த வேடம் தேவைப்பட்டது. அப்பேய்கள் மனிதரைப் போலப் பேசின என்று அவர் கூறினார். அவை மனிதரேயென எழுதவேண்டிய பொறுப்பு அவருடைய பேரப்பிள்ளைகளான எம்மைச் சார்ந்ததாகும்.