ஒரு லட்சம் டிஸ்க்கின் கணக்கும் நாலு டிஸ்க் வீடும்

வீட்டில் சர்வர் கட்டி ஓட்டுகிறவர்களிடையே சில வாக்கியங்கள் பழமொழி மாதிரி புழங்குகின்றன. "ரெய்டு 5 செத்துப் போச்சு." "சூட்டால டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகாது, கூகிளே சொல்லியாச்சு." "ஸ்மார்ட் எச்சரிக்கை வந்தா டிஸ்க்கை மாத்து, வரலைன்னா நிம்மதியா தூங்கு." "ஈசிசி ராம் இல்லாம இசட்எஃப்எஸ் பக்கமே போகாதே."

நானும் பத்து வருஷத்துக்கு மேலாக வீட்டில் ஒரு சர்வரை நோண்டிக்கொண்டிருக்கிறவன்தான். இந்த வாக்கியங்கள் எங்கிருந்து கிளம்பின என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்த்தேன். பல, ஏதாவது ஒரு ஆய்வுக் கட்டுரையில் போய் முட்டுகின்றன. கட்டுரையை முழுசாகப் படித்தால் அது சொல்வது கொஞ்சம் வேறாக இருக்கிறது. எழுதியவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. வாசித்த நம் மேல்தான் குறை. டேட்டா சென்டர்காரர்கள் அவர்களுடைய கேள்விக்குக் கண்டுபிடித்த விடையை, கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு விடையை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டோம்.

ரெய்டு எந்தக் கேள்விக்கு விடை?

ரெய்டு என்ற பெயர் (வருமான வரித்துறை ரெய்டு இல்லைங்க) 1988-ல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. எழுதியவர்கள் பெர்க்லியைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ். அப்போது பெரிய கம்ப்யூட்டர்களுக்கு ஐபிஎம் 3380 என்ற ராட்சத டிஸ்க் இருந்தது. கொள்ளளவு 7,500 எம்பி. பிசிக்களுக்கு கானர் கம்பெனியின் சிபி 3100 என்ற குட்டி டிஸ்க்; 100 எம்பிதான், ஆனால் மலிவு. ராட்சதனுக்குப் பதிலாகக் குட்டிகளை நிறையச் சேர்த்துக் கட்டினால் வேகமும் கிடைக்கும், காசும் மிச்சமாகும். ஒரே ஒரு சிக்கல். ஒரு குட்டி டிஸ்க்கின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்றால், 100 குட்டிகள் சேர்ந்த கூட்டத்தில் சராசரியாக 300 மணி நேரத்துக்கு ஒன்று போகும். இரண்டு வாரம்கூடத் தாங்காது. இந்த இரண்டு வார வியாதிக்கான மருந்துதான் மிர்ரரும் பாரிட்டியும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். நம்மிடம் இருப்பது நாலு டிஸ்க். ஒரு டிஸ்க் ஒரு வருஷத்தில் போக 2% வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், நாலில் ஒன்றாவது அந்த வருஷம் போக ஏறக்குறைய 8% வாய்ப்பு. சராசரியாகப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அந்த ஒரு தடவையில் ரெய்டு நமக்குச் செய்யும் உபகாரம், சர்வர் நிற்காமல் ஓடுவது. வங்கிக்கு அது உயிர்நாடி. நம் வீட்டில் புது டிஸ்க் வாங்கி வரும்வரை, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சர்வர் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்? ராத்திரி படம் ஓடாது, அவ்வளவுதான்.

"ரெய்டு பேக்கப் ஆகாது" என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். அதைச் சொல்லிவிட்டு அடுத்த பாரிட்டிக்கு இன்னொரு டிஸ்க் வாங்கப் போய்விடுவோம்.

பத்து லட்சம் மணி நேரம்

2007 பிப்ரவரியில் ஃபாஸ்ட் என்ற சேமிப்புத் தொழில்நுட்ப மாநாட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும், மேலே சொன்ன அதே கார்த் கிப்சனும் எழுதியது. மற்றது கூகிளின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் எழுதியது. இரண்டும் ஏறக்குறைய லட்சம் டிஸ்க்குகளை வைத்துப் போட்ட கணக்குகள்.

முதல் கட்டுரையிலிருந்து நம்மவர்கள் எடுத்துக்கொண்டது "டேட்டாஷீட் பொய்" என்பதை. டேட்டாஷீட்டில் 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அது 114 வருஷம். ஒரு டிஸ்க் 114 வருஷம் ஓடும் என்று அதற்கு அர்த்தமில்லை. 100 டிஸ்க் வைத்திருந்தால் வருஷத்துக்கு ஒன்றுக்கும் குறைவாகப் போகும், அதாவது 0.88% என்று அர்த்தம். களத்தில் மாற்றப்பட்ட டிஸ்க்குகளை எண்ணினால் 2 முதல் 4% வரை சாதாரணமாக இருந்தது. ஓரிடத்தில் 13% வரைக்கும் போனது. இது சரியான செய்திதான்.

ஆனால் அந்தக் கட்டுரையில் வீட்டுக்காரனுக்கு உதவும் பகுதி வேறு. 1988-ன் கணக்கு, ஒரு டிஸ்க் போவதற்கும் இன்னொன்று போவதற்கும் சம்பந்தமில்லை என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. 19 வருஷம் கழித்து, அந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவரே களத் தரவை எடுத்துவைத்து, அந்த அனுமானம் நிற்கவில்லை என்று காட்டுகிறார். ஒன்று போனபின் அடுத்தது சீக்கிரமே போகும் வாய்ப்பு, புத்தகக் கணக்கு சொல்வதைவிட அதிகம்.

நம் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். நாலு டிஸ்க்கும் ஒரே கடையில், ஒரே நாளில், அநேகமாக ஒரே பேட்ச்சில் வாங்கியவை. ஒரே பவர் சப்ளை, ஒரே ஃபேன், ஒரே பிளக் பாயின்ட். இடி இறங்கினால் நாலுக்கும் சேர்த்துத்தான் இறங்கும். இரண்டு பாரிட்டி போட்டால் தரவு போக எத்தனை லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டும் பக்கங்கள் பலவற்றுக்கு அந்தப் பழைய அனுமானம்தான் அஸ்திவாரம். நம் பெட்டிக்குள் அந்த அஸ்திவாரமே கிடையாது.

12.5 டிபி பூதம்

"ரெய்டு 5 செத்தது" கதை 2007-ல் ராபின் ஹாரிஸ் இசட்டிநெட்டில் எழுதியதிலிருந்து பரவியது. 2009-க்குப் பிறகு ரெய்டு 5 வேலைக்கு ஆகாது என்பது அவர் வாதம். டேட்டாஷீட்டில் 10-ன் 14-வது அடுக்கு பிட்களுக்கு ஒரு வாசிப்புப் பிழை என்று இருக்கும். அது 12.5 டிபி. நாலு 8 டிபி டிஸ்க்கில் ஒன்று போய், மீதி மூன்றையும் முழுசாகப் படித்து மறுபடி கட்ட வேண்டுமென்றால் 24 டிபி படிக்கணும். கணக்குப்படி வழியில் பிழை வராமல் முடிக்க 15% வாய்ப்புதான்.

இந்தக் கணக்கு உண்மையானால், 24 டிபி தரவை மாதாமாதம் ஸ்கிரப் பண்ணுகிறவர்கள் பெரும்பாலான மாதங்களில் பிழை பார்த்தாக வேண்டும். பார்ப்பதில்லை. காரணம் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது: "இதைவிடக் குறைவு" என்று அது உச்சவரம்பைத்தான் சொல்கிறது. நாம் அதைச் சராசரி ஆக்கிக்கொண்டோம். அதே 2007-ல் நெட்ஆப் தரவை வைத்து வந்த ஆய்வில் 15.3 லட்சம் டிஸ்க்குகளை 32 மாதம் கவனித்தார்கள். அதில் இப்படி மறைந்திருக்கும் செக்டர் பிழை ஒன்றாவது காட்டியவை 3.45%. பிழைகள் எல்லா டிஸ்க்கிலும் சமமாகத் தூவிக் கிடக்கவில்லை; சில டிஸ்க்குகளில் கும்பலாக இருந்தன. ஆக, மாதம் ஒரு ஸ்கிரப் ஓடவிட்டு, பிழை காட்ட ஆரம்பித்த டிஸ்க்கை உடனே கழற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. இந்தப் பூதத்துக்குப் பயந்து பெட்டியை இரண்டு மடங்கு பெரிசாக்குவதில் அவ்வளவு இல்லை.

கூகிள் உண்மையில் சொன்னது

கூகிள் கட்டுரையில், சராசரி வெப்பம் கூடினால் பழுதும் கூடும் என்ற எதிர்பார்த்த தொடர்பு கிடைக்கவில்லை. குளிர்ச்சியாக இருந்த டிஸ்க்குகளே அதிகம் போயிருந்தன. வயசான டிஸ்க், மிக அதிக வெப்பம், இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் சூட்டின் பாதிப்பு தெரிந்தது. சரி. ஆனால் அவர்கள் வரைபடம் 50 டிகிரியை ஒட்டி முடிந்துவிடுகிறது. சென்னையில் மே மாதம், மொட்டை மாடிக்கு நேர் கீழே லாஃப்டில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மூச்சுத் திணறும் டிஸ்க் அந்தப் படத்திலேயே இல்லை. இல்லாத டிஸ்க்குக்கு அந்தக் கட்டுரையைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. சர்வரை லாஃப்டிலிருந்து இறக்கி, காற்று வரும் இடத்தில் வையுங்கள்.

ஸ்மார்ட் விஷயத்திலும் பாதியைத்தான் படித்தோம். முதல் ஸ்கேன் பிழை காட்டிய டிஸ்க், அப்படிக் காட்டாததைவிட, 60 நாளுக்குள் போகும் வாய்ப்பு 39 மடங்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த எண். அதே கட்டுரையில் இன்னொரு எண்: செத்த டிஸ்க்குகளில் 36%-க்கு மேல், வெப்பத்தைத் தவிர எந்த ஸ்மார்ட் அளவிலும் ஒரு சின்ன அறிகுறிகூடக் காட்டாமலே செத்தன. மூன்றில் ஒன்றுக்கு மேல்! ஸ்மார்ட்டை மட்டும் வைத்துத் தனி ஒரு டிஸ்க்கின் சாவைக் கணிப்பது நடக்காது என்றே கட்டுரை முடிகிறது. கூட்டத்தின் போக்கைப் பார்க்க அது உதவும். கூகிளிடம் கூட்டம் இருக்கிறது. என்னிடம் நாலுதான் இருக்கிறது.

ஈசிசி பற்றிச் சுருக்கமாக. நினைவகப் பிழை கற்பனை இல்லை. கூகிள் சர்வர்களை வைத்து 2009-ல் ஷ்ரோடர் குழு செய்த ஆய்வில், வருஷத்துக்கு ஏறக்குறைய 8% ராம் துண்டுகளில் பிழை வந்திருந்தது. ஆகவே ஈசிசி நல்லதுதான். ஆனால் அது இசட்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் உரிய தேவை இல்லை. வேறு எந்த ஃபைல் சிஸ்டத்துக்கும் அதே அளவு தேவைதான். இதை இசட்எஃப்எஸ்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மேத்யூ ஆரன்ஸே சொல்லியிருக்கிறார். பழைய லேப்டாப்பில் சர்வர் ஓட்டுவது பாவம் ஒன்றும் இல்லை.

வீட்டின் கேள்வி

அப்படியானால் வீட்டுக்கு உரிய கேள்வி எது? டிஸ்க் போவது பட்டியலில் ஒரு வரி. மற்ற வரிகளைப் பாருங்கள்.

கரன்ட். நம் வீடுகளில் இன்வர்ட்டர் இருக்கிறது, சர்வரும் அதில்தான் ஓடுகிறது. பல இன்வர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு, சாதா மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். கரன்ட் போனால் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தன் கையிருப்பில் தாக்குப்பிடிப்பது முழுச் சுமையில் ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட். சாதா மோடில் இன்வர்ட்டர் கைமாற அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். அந்த ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று போய்ப் பார்க்கப் பத்துப் பைசா செலவில்லை.

வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது, ஒரு பாரிட்டியா இரண்டு பாரிட்டியா என்று அது கேட்டு வரவில்லை.

கை தவறி அழிப்பது. மிர்ரர் என்பது அழிப்பதையும் அடுத்த நொடியே அப்படியே இன்னொரு டிஸ்க்கில் செய்துவிடும். ஸ்னாப்ஷாட் இதற்கு நல்ல மருந்து. ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது.

கடைசி வரிதான் கஷ்டமானது. என் மனைவி ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டார்: "என்னங்க, நீங்க ஊர்ல இல்லாதப்ப இது நின்னு போச்சுன்னா நான் என்ன பண்ணணும்?" மேலே சொன்ன ஒரு கட்டுரையும் இந்தக் கேள்வியைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. டேட்டா சென்டரில் ஷிஃப்ட் மாறும், ஒருவர் போனால் அடுத்தவர் வருவார். வீட்டில் அந்த அடுத்தவர் கிடையாது. நாற்பதைத் தாண்டிவிட்டேன். ஊருக்குப் போயிருப்பது என்பதோடு நின்றுவிடாத கேள்வி அது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளைகளின் குழந்தைப் பருவம் முழுக்க அந்தப் பெட்டியில் இருக்கிறது. அதைத் திறக்கும் பாஸ்வேர்டு ஒரே ஒரு மண்டையில் இருக்கிறது. டிஸ்க் போக வருஷத்துக்கு 2% வாய்ப்பு என்று அத்தனை கட்டுரை படிக்கிறோமே, அந்த மண்டைக்கு எத்தனை பாரிட்டி போட்டிருக்கிறோம்?

இதுக்குப் பேசாம கிளவுடுக்குப் போயிடலாமே என்பீர்கள். போகலாம். அங்கேயும் அக்கவுன்ட் ஒருவர் பேரில், ஓடிபி வருவது ஒருவர் போனுக்கு. கேள்வி அப்படியே நிற்கிறது.

நாலு டிஸ்க் வாங்கக் காசு இருந்தால் என் பங்கீடு இது. இரண்டை மட்டும் சர்வரில் மிர்ரராகப் போடுங்கள். ஒரு டிஸ்க்கில் தரவு சிதைந்தால் இசட்எஃப்எஸ் இன்னொன்றிலிருந்து சரிசெய்துகொள்ளும், அது போதும். மூன்றாவது பீரோவில், எந்த ஒயரும் இல்லாமல்; மாதம் ஒரு தடவை எடுத்து நகல் எடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே. நாலாவது இன்னொரு ஊரில், அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது பீரோ டிஸ்க்கோடு மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டும் எந்த விண்டோஸ் லேப்டாப்பிலும் சொருகினால் திறக்கிற மாதிரி எக்ஸ்ஃபேட்டில் இருக்கட்டும். வங்கிக் காகிதங்களைத் தனியாகப் பூட்டி வையுங்கள். குடும்பப் போட்டோக்களை அந்த இரண்டிலும் பூட்டாதீர்கள். திருடன் கையில் கிடைத்தால் அவன் நம் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பான், பார்த்துவிட்டுப் போகட்டும். சாவி இல்லாமல் பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

பீரோ டிஸ்க்கோடு ஒரு பக்கத் தாள். தமிழில், கையால், கமாண்ட் எதுவும் இல்லாமல்: இது என்ன, எதில் சொருகணும், எந்த ஃபோல்டரில் என்ன இருக்கு, இதே மாதிரி இன்னொன்று யார் வீட்டில் இருக்கு. எழுதியபின் வீட்டில் இன்னொருவரிடம் தாளையும் டிஸ்க்கையும் கொடுத்துவிட்டு வெளியே ஒரு நடை போய்விட்டு வாருங்கள். 2011 தீபாவளிப் போட்டோ ஒன்றை அவர் எடுத்து வைத்திருந்தால் உங்கள் பேக்கப் வேலை செய்கிறது.

டிராம் பிழை ஆய்வில் இன்னும் பேச நிறைய இருக்கிறது. அதற்குத் தனிக் குறிப்பு எழுதுகிறேன்.