மாநகராட்சியை டேக் செய்கிறோம், அடுத்து?

2016 அக்டோபரில் சென்னை மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்ததால் புது மன்றம் அமையவில்லை. நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. அடுத்த கவுன்சிலர்கள் பதவியேற்றது 2022 மார்ச்சில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுக்கும் மேலான காலத்தில், 200 வார்டுகள் கொண்ட இந்த மாநகரில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய வார்டு உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாத காலம் அது. அதே 2016 செப்டம்பரில்தான் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. கவுன்சிலர் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் ஸ்மார்ட்ஃபோன் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சென்னையில் சமூக ஊடகம் உள்ளாட்சிக்கு இவ்வளவு நெருக்கமானது எப்படி என்று விளங்கும். காலியாகக் கிடந்த இடத்தில் மாநகராட்சியின் ட்விட்டர் கணக்கும், ‘நம்ம சென்னை’ செயலியும், ஏரியா உதவிப் பொறியாளரின் (ஏ.இ.) வாட்ஸ்அப் எண்ணும் வந்து உட்கார்ந்தன. இன்று கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். பழக்கம் மாறவில்லை. குப்பை எடுக்கவில்லையா, ஒரு படம், ஒரு வரி, ஒரு டேக்.

இந்தப் பழக்கம் நிறைய நல்லது செய்திருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே சாப்பாடு தயாராக இருக்கிறது, எந்த வீட்டு மொட்டைமாடியில் யார் சிக்கியிருக்கிறார்கள் என்ற தகவல்களைத் தன்னார்வலர்கள் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும்தான் திரட்டினார்கள். அந்த நாட்களில் அரசின் குரல் அங்கே மெலிதாகத்தான் கேட்டது. பின்னால் வந்த 2021, 2023 மழைகளில் நிலைமை வேறு. எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர், எது மூடப்பட்டது, எது திறந்திருக்கிறது என்ற பட்டியலை மாநகராட்சியே போட்டுக்கொண்டிருந்தது. நள்ளிரவில் டூ வீலரில் வீடு திரும்புகிறவருக்கு இது உயிரைக் காக்கும் தகவல். அடுத்த நாள் பத்திரிகையில் படித்துப் பயனில்லை.

இன்னொரு நன்மை, மரியாதை சம்பந்தப்பட்டது. மண்டல அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனால் தினக்கூலிக்காரருக்கு அரை நாள் சம்பளம் போகும். ‘நாளைக்கு வாங்க’ என்றால் இன்னொரு அரை நாள். இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸுக்கும், படி இறங்க முடியாத முதியவருக்கும் அந்த அலைச்சலே இல்லாமல் போயிருக்கிறது. மனு மேசை டிராயருக்குள் போய்விட்டால் அதை யாரும் பார்க்க முடியாது. டைம்லைனில் நிற்கும் படத்தை ஊரே பார்க்கும். அதிகாரியின் மௌனமும் அங்கே பதிவாகிறது. இந்தியாவின் எந்த ஊரிலும் சாதாரணக் குடிமகன் கையில் இதற்கு முன் இப்படியொரு வசதி இருந்ததில்லை. அதனால்தான் இதன் குறைகளைக் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு தெருவில் மேன்ஹோல் பொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒருவர் படம் எடுத்து மாநகராட்சியை டேக் செய்கிறார். புகார் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வருகிறது. ஏனென்றால் மழைநீர் வடிகால்தான் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. முன்னதற்குப் புகார் எண் 1913, பின்னதற்கு 1916. மின்கம்பம் என்றால் மின்வாரியம், அண்ணா சாலை போன்ற பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. தன் வீட்டு வாசலில் ஓடுவது எந்தத் துறையின் தண்ணீர் என்று குடியிருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அநியாயமான எதிர்பார்ப்பு. சரி, வாரியத்தின் கணக்கு வந்து முகவரி கேட்கிறது. மதியம் ஜெட் ராடிங் வண்டி வருகிறது, அடைப்பு எடுக்கிறார்கள், ஈரத் தரையைப் படம் எடுத்து ‘சரிசெய்யப்பட்டது’ என்று போடுகிறார்கள். புகார் மூடப்படுகிறது. பத்து நாளில் அதே மேன்ஹோல் மறுபடி பொங்குகிறது. அது புதுப் புகார், அதற்குப் புது எண். தனி வீடுகள் இருந்த தெருவில் வரிசையாக அடுக்ககங்கள் எழுந்துவிட்டன, குழாய் மட்டும் பழைய அளவிலேயே கிடக்கிறது என்பதுதான் காரணம். குழாயை மாற்ற மதிப்பீடு, நிதி, டெண்டர், இதை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மன்றம் எல்லாம் வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டி வந்துவிடுவதால் அந்தப் பேச்சு எழுவதே இல்லை. புகார்கள் தீர்ந்த கணக்கு ஏறுகிறது, பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அடைப்பு எடுக்க வருகிறவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மலக்குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்த பிறகும் இறப்புகள் நிற்கவில்லை. ‘இன்னும் ஒரு மணி நேரத்தில் முடியணும்’ என்ற அவசரம் மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் ஒப்பந்தத் தொழிலாளியின் தலையில்தான் விடிகிறது. குப்பைத்தொட்டி வழிகிறது என்ற படமும் அப்படித்தான். தொட்டி எண்ணிக்கை போதவில்லையா, லாரி வரவில்லையா, ஆட்கள் குறைவா என்பதைப் படம் காட்டாது. விளக்கம் கேட்கப்படுவது அந்தத் தெருவில் பெருக்குகிறவரிடம்.

2025 ஆகஸ்டில் அதே தூய்மைப் பணியாளர்கள், இரண்டு மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கோரிக்கையைச் சொல்ல எந்தச் செயலியிலும் கட்டம் இல்லை. குப்பை, விளக்கு, பள்ளம், கொசு, நாய் என்று பிரித்து வைத்திருக்கும் பட்டியலில் ‘இந்தக் கொள்கை முடிவு எங்களுக்கு வேண்டாம்’ என்பது எந்த வகையில் சேரும்? எவற்றைப் புகாராகச் சொல்லலாம் என்று முன்கூட்டியே வரையறுத்துவிட்டு மக்களை அழைக்கும் முறையின் பெரிய குறை இதுதான் என்பது என் எண்ணம்.

இதைவிட என்னைக் கலங்கவைப்பது, மனிதர்களையே புகாராக்கும் பதிவுகள். நடைபாதையில் இட்லிக் கடை போட்டிருக்கும் ஒரு பெண். பின்புறமிருந்து ஒரு படம், ‘ஆக்கிரமிப்பு, உடனே அகற்றவும்’ என்று ஒரு வரி. நடக்க இடமில்லை என்பது நியாயமான குறைதான். ஆனால் சாலையோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-இல் மத்திய சட்டம் இருக்கிறது. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதை வியாபாரிகளும் உறுப்பினர்களாக இருக்கும் நகர விற்பனைக் குழு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்கிறது அது. பதிவு போட்டவருக்கு மாநகராட்சி பதில் சொல்கிறது. படத்தில் இருப்பவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. தன்னைப் பற்றி ஒரு வழக்கு நடந்து முடிந்ததே அடுப்பைத் தூக்கிப்போக வண்டி வரும்போதுதான் அவருக்குத் தெரியும். மேம்பாலத்துக்கு அடியில் படுத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான்.

யார் குரல் கேட்கிறது என்ற கேள்வி இங்கே வருகிறது. எளியவர்கள் வாழும் கண்ணகி நகரிலோ வியாசர்பாடியிலோ ஃபோன் இல்லாமல் இல்லை. அங்கே யூடியூப் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது. ஆனால் ஒரு துறையின் கணக்கைத் தேடிப்பிடித்து, அது மதிக்கும் மொழியில் எழுதி, பதில் வராவிட்டால் ஆணையரையும் அமைச்சரையும் சேர்த்து டேக் செய்து விடாமல் துரத்துவது தனிப் பழக்கம். அது வசதியானவர்கள் வாழும் அடையாறிலும் அண்ணா நகரிலும் அதிகம் இருக்கிறது. லட்சம் பேர் பின்தொடரும் ஒருவர் தன் தெருப் பள்ளத்தைப் போட்டால் மறுநாளே ஜல்லி வருகிறது. ஏ.இ.க்கு இருப்பது ஒரே ஒரு நாள், சில ஆட்கள். சத்தம் வந்த பக்கம் அவர் ஓடினால் சத்தம் வராத தெருவின் முறை தள்ளிப்போகிறது. ஒரே புகார் 1913, செயலி, எக்ஸ் (பழைய ட்விட்டர்), வாட்ஸ்அப், கவுன்சிலர் என்று ஐந்து வழியில் வந்து, ஐந்துக்கும் பதில் எழுதவே அவர் நேரம் போய்விடும் கொடுமையையும் மறக்கக் கூடாது.

தளத்தின் சொந்தக்காரர் யார் என்பதையும் நாம் அதிகம் யோசிப்பதில்லை. 2023 ஏப்ரலில் தானியங்கிப் பதிவுகளுக்கு ட்விட்டர் கட்டணம் கேட்டபோது, நியூயார்க்கின் ரயில், பேருந்துகளை நடத்தும் எம்.டி.ஏ. தன் சேவை அறிவிப்புகளை அங்கே போடுவதையே நிறுத்தியது. பிறகு பொதுச் சேவை அமைப்புகளுக்கு மட்டும் இலவசம் என்று நிறுவனம் இறங்கிவந்தது. அதே ஆண்டின் நடுவில், லாக்இன் செய்யாதவர் பதிவுகளைப் படிக்க முடியாதபடி சில நாட்கள் பூட்டும் போட்டது. வெள்ள எச்சரிக்கையை அந்தச் சுவரில் மட்டும் ஒட்டிய உள்ளாட்சி அன்றைக்கு என்ன செய்திருக்கும்? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மின்சாரமும் செல்போன் சிக்னலும் சேர்ந்தே போயின. தண்ணீர் சூழ்ந்தவர்தான் அங்கே பதிவு போட முடியாமல் தவித்தார்.

பிளாக் செய்யும் அதிகாரம் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரான் நகர மேலாளர் ஜேம்ஸ் ஃப்ரீட், கொரோனா காலத்தில் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் குறை சொன்ன ஒரு நகரவாசியை பிளாக் செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசின் சார்பாகப் பேசும் அதிகாரம் உண்மையிலேயே இருந்து, அந்தப் பதிவில் அதைப் பயன்படுத்துவதாகவும் தெரிந்தால்தான் அது அரசின் செயல் என்று 2024 மார்ச்சில் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. நம் ஊரில் வார்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவரை நீக்கினால் கேட்க நாதியில்லை. அந்தக் குழு யாருடையது? கவுன்சிலருடையதா, கட்சியுடையதா, மக்களுடையதா? இதற்கு எழுதிவைத்த விதி வேண்டும்.

இதெல்லாம் சரியாக நடந்த ஊர் ஒன்று உண்டா என்று கேட்டால் எல்லாரும் காட்டுவது ஸ்பெயினில் கிரானடா அருகே இருக்கும் ஹூன். மக்கள்தொகை சுமார் 3,500. மேயராக இருந்த ஹோசே அந்தோனியோ ரோட்ரிகஸ் சாலாஸ் 2011-லிருந்து ஊர் நிர்வாகத்தை ட்விட்டருக்குக் கொண்டுவந்தார். குடியிருப்பவர்கள் ஊர் மன்றத்துக்கு நேரில் வந்து தங்கள் கணக்கு இதுதான் என்று பதிந்துகொண்டார்கள். தெரு பெருக்குகிறவருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும்கூடத் தனிக் கணக்கு. விளக்கு எரியவில்லை என்று இரவில் ஒருவர் எழுத, சில நிமிடத்தில் மேயர் பதில் சொல்ல, மறுநாள் எலக்ட்ரீஷியன் படம் போட்ட கதையை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து போன ஆய்வாளர்கள் எழுதி உலகுக்குத் தெரியவைத்தார்கள். அங்கே வேலை செய்தவரின் பெயர் ஊருக்குத் தெரிந்தது, பாராட்டு அவருக்கே நேராகப் போனது. இந்த அம்சம் எனக்கு மிகவும் பிடிக்கும். நான்கு போலீஸ்காரர் இருந்த இடத்தில் ஒருவர் போதும் என்று குறைத்தார்கள் என்பதும் அதே கதையில் வருகிறது. ஊடகத்தால் மிச்சமாகும் நேரம் யாருடைய வேலையைத் தின்னும் என்பதற்கு அது எச்சரிக்கை.

ஹூனைச் சென்னையோடு ஒப்பிடக் கூடாது என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் சென்னையின் 200 வார்டுகளில் ஏறத்தாழ 67 லட்சம் பேர். ஒரு வார்டே பத்து ஹூன். ஆனால் 2022-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த விதிகளின்படி இங்கே ஒவ்வொரு வார்டும் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி சபை உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. ஒரு பகுதி சபையின் அளவு ஏறக்குறைய 3,300 பேர். அதாவது கிட்டத்தட்ட ஒரு ஹூன். முகம் தெரிந்து பேசக்கூடிய அளவு நம்மிடம் சட்டப்படியே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் பகுதி சபை எங்கே, எப்போது கூடுகிறது என்பதே தெரியாது என்பதுதான் வருத்தம். ஊர்ப் பள்ளங்களுக்கெல்லாம் பதில் சொல்லும் கணக்குகள் இந்தக் கூட்டங்களைப் பற்றி ஒரு வாரம் முன்னதாகத் தெருப் பெயரோடு சொன்னால் எவ்வளவு பேர் வருவார்கள்!

தொழில்நுட்பத்துக்கும் முன்மாதிரி இருக்கிறது. இங்கிலாந்தில் மைசொசைட்டி 2007-இல் தொடங்கிய ‘ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்’ தளத்தில் வரைபடத்தில் இடத்தைக் குறித்தால் போதும். அது எந்த மன்றத்தின் பொறுப்பு என்பதைத் தளமே கண்டுபிடித்து அனுப்பும், புகாரும் எல்லார் பார்வைக்கும் வரைபடத்திலேயே நிற்கும். 1913, 1916 என்ற பிரிவினை குடியிருப்பவரின் கவலையாக இல்லாமல் அலுவலகத்தின் கவலையாக மாறுவதற்கு இப்படியொரு ஏற்பாடு போதும்.

அந்த வரைபடத்தைப் பகுதிவாரியாக அச்சடித்துப் பகுதி சபைக் கூட்டத்தில் மேசைமேல் வைக்க வேண்டும். ஃபோன் இல்லாதவரும் பார்க்கலாம், இட்லிக் கடைப் பெண்ணும் வந்து தன் பக்கத்தைச் சொல்லலாம், எலக்ட்ரீஷியன் பெயரையும் ஊர் தெரிந்துகொள்ளலாம். கூட்டத்தின் முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: போன கூட்டத்துக்குப் பிறகு நம் பகுதியிலிருந்து வந்த புகார்கள் எத்தனை, ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்தவை எவை, அந்த இடங்களுக்கு வரும் பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கப்போகிறீர்கள்?