பூணுக்கு எந்த எவர்சில்வர்?

கையால் கத்தி செய்கிறவர்கள் அலகுக்கான எஃகை மாதக்கணக்கில் தேடுவார்கள். அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில் வரும் பூணுக்கும், விரல் வழுக்கி அலகில் படாமல் தடுக்கும் கைக்காப்புக்கும் கிடைத்த துண்டைப் போட்டுவிடுவார்கள். கத்தியை எடுப்பவரின் ஆள்காட்டி விரல் அமர்வதே அங்கேதான். ஈரம் உள்ளே இறங்குவதும் அந்த இடுக்கில்தான்.

தில்லி புசா ரோட்டில், மாடியில் இருக்கும் சின்னப் பட்டறையில் 202, 304, 303, 416 என்ற நான்கு தரங்களையும் அறுத்து, துளைத்து, அராவிப் பார்த்தேன். பெஞ்ச் டிரில், பெல்ட் கிரைண்டர், அரங்கள், இவ்வளவுதான் கருவிகள். மில்லிங் மெஷின் வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பு பொருந்தாமல் போகலாம்.

தில்லியில் எவர்சில்வர் என்றால் வசீர்பூர் தொழிற்பேட்டை. ஆனால் அங்கே உருளும் சரக்கில் பெரும்பகுதி பாத்திரத்துக்கான மெல்லிய தகடு. நமக்கு வேண்டியதோ 6 மி.மீ. கனத்தில் பட்டை. அதோடு, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை சந்தையில் ஏராளம். பார்வைக்கு அதுவும் 304-உம் ஒன்றுதான். காந்தத்தை நம்பாதீர்கள், இரண்டிலும் ஒட்டாது. எஸ்.எஸ். சோதனைத் திரவம் ஒரு சொட்டு வைத்து 9 வோல்ட் பேட்டரியால் தொட்டால், 200 வரிசையில் சொட்டு சிவக்கும். அந்தச் சின்னப் புட்டியை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

202 பூணுக்கு வேண்டாம். 304-ஐப் போலவே முரண்டு பிடிக்கிறது, துருவைத் தாங்குவதில் அதைவிடக் குறைவு.

304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். அடுப்படிக் கத்திக்கு இதைவிட நிம்மதியான பூண் இல்லை. உழைப்புதான் அதிகம். டிரில் பிட் வெட்டாமல் உரசிக்கொண்டே நின்றால் அந்த இடம் இறுகிப்போகும். அப்புறம் புது பிட்டும் வழுக்கும். கோபால்ட் பிட், குறைந்த வேகம், விடாத அழுத்தம், தாராளமாக எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் இறங்கும். அடுத்த தொல்லை சூடு. சாதாரண இரும்பு கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் 304 கடத்தும். பெல்ட் பட்ட இடத்திலேயே சூடு தங்கி நிறம் மஞ்சளாக மாறும், அடியில் இருக்கும் எபாக்ஸி பசை இளகும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் தண்ணீரில் முக்க வேண்டும்.

303-இல் கந்தகம் சேர்த்திருப்பதால் சுருள் உடைந்து விழுகிறது, துளை சுத்தமாக வருகிறது. கடைகளில் எனக்குக் கிடைத்ததெல்லாம் உருண்டைக் கம்பிதான். அதை அறுத்துப் பட்டையாக்க வேண்டியிருந்தது. கைக்காப்புக்கு அருமை. ஆனால் அதே கந்தகம் துருத் தாங்கும் குணத்தைக் குறைக்கும்.

என் மனம் போனது 416-இன் பக்கம். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய குரோமிய எஃகின் வழிவந்த இனம் இது: குரோமியம் 12 முதல் 14 சதவீதம், கூடவே கந்தகம். காந்தம் ஒட்டும். அரம் கடிக்கிறது, அலகின் வால் நுழையும் துவாரத்தைக் கையாலேயே திருத்திவிட முடிகிறது. 416 கம்பியையே ஆணியாக அடித்து, தலையைப் பரப்பித் தேய்த்தால் ஆணி இருந்த தடமே தெரியாது. ஆணியும் பூணும் ஒரே தரமாக இல்லாவிட்டால் மெருகேற்றியபின் வட்டம் தனியாகத் தெரியும். குறையும் உண்டு. எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி இரவு முழுக்க வைத்ததில் 416-இல் புள்ளிகள் விழுந்தன, 303 மங்கியது, 304 அசையவில்லை.

கார்பன் எஃகு அலகுக்கு எவர்சில்வர் பூண் வைத்தால் இடுக்கை எபாக்ஸியால் முழுதாக அடையுங்கள். அங்கே நிற்கும் ஈரம் பூணை விட்டுவிட்டு அலகைத் தின்னும்.

அடுப்படிக்கும் கடலோர ஊர்களுக்கும் 304. துடைத்து எண்ணெய் பூசிப் பாதுகாக்கும் கத்திக்கு 416. எதை வாங்கினாலும் ஆலையின் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் நகலைக் கேளுங்கள், அதிலுள்ள ஹீட் நம்பர் பட்டையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.