மூன்று முகம், ஆறு எண்

பிஸ்டன் இன்ஜினில் காம்ப்ரஷன் பார்ப்பதில் ரசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. கேஜை மாட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, ஊசி நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது. அதே கேஜை மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இன் ரோட்டரி இன்ஜினில் மாட்டினால், நல்லதை மட்டுமே சொல்லும் கல்யாணத் தரகர் ஆகிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஒருவழி வால்வு, வந்ததில் உச்ச அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோட்டருக்கு முகம் மூன்று. இரண்டு சோர்ந்திருந்தாலும் மூன்றாவதின் புகழையே ஊசி பாடும்.

வால்வைக் கழற்றினால்தான் விஷயம் வெளிவரும். ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்போது பிளக் துளையைத் தாண்டுவது ஒரு முகம்தான். நிமிடத்துக்கு 250 சுற்று என்றால் நொடிக்கு நான்கு துள்ளலுக்குச் சற்று மேல். புஸ், புஸ், புஸ் என்று ஒரே சீராக வந்தால் கேட்கவே சுகம். மூன்றில் ஒன்று சொத்தையாக விழுந்தால் காதே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் துள்ளும் ஊசியை நம்பிக் கணக்கு எழுத முடியாது. ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் ஒவ்வொரு முகத்தையும் தனியே அளக்கும். இரண்டு ரோட்டருக்கு ஆறு எண், கூடவே சுற்று வேகம். ஆர்எக்ஸ்-8-க்கு 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும். 680-க்குக் கீழே போகக் கூடாது. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150, ரோட்டர்களுக்கிடையே 100, அதற்கு மேல் வித்தியாசம் ஆகாது. என்னைக் கேட்டால், உயரமான எண்ணைவிட ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் எண்களே அழகு.

ஒரு ரோட்டரில் 800, 610, 620 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். முக்கோண ரோட்டரில் எந்த இரண்டு முகத்தை எடுத்தாலும் நடுவே ஒரு முனை உண்டு; அந்த முனையில் உட்காரும் அபெக்ஸ் சீல் இரண்டுக்கும் பொது. ஆகவே முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஒரு முகம் மட்டும் இறங்கியிருந்தால் பக்கவாட்டு சைடு சீலைப் பார்க்க வேண்டும். கரி பிடித்து இறுகியிருக்கலாம். இன்ஜினைப் பிரிக்காமலே இத்தனையும் தெரிகிறது! 1960-களில் ஹிரோஷிமாவில் மாஸ்டா பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவின் குழு மல்லுக்கட்டியதும் இந்த அபெக்ஸ் சீலோடுதான். ஹவுசிங்கின் உட்சுவரில் அது அதிர்ந்து போட்ட வரிகளுக்குப் பிசாசின் நகக்கீறல் என்றே பெயர். அதைச் சமாளித்த பிறகே 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் கார் வந்தது.

வேகத்தைக் கேட்காமல் எண்ணைக் கேட்பதில் பயனில்லை. பேட்டரி சோர்ந்திருந்தால் நல்ல இன்ஜினும் நோயாளியாகத் தெரியும். வலுவான ஸ்டார்ட்டர் கிழட்டு இன்ஜினையும் தூக்கிக் காட்டும். அட்டவணையைப் பார்த்து 250-க்குச் சரிக்கட்டிய பிறகே பேச்சு. இன்ஜின் சூடேறியிருக்க வேண்டும், த்ராட்டில் முழுதும் திறந்திருக்க வேண்டும். பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டாலே சீல்களின் சந்து அடைபட்டு எண் ஏறிவிடும். பழைய வண்டி வாங்கப் போகிறவர் சோதனை முடிந்து ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் போய் நிற்பது நல்லது. ஆயில் விட்டிருந்தால் சைலன்சர் புகையில் தெரிந்துவிடும்.